சமாளித்தது போதும்!

தாய்மார்களே! தோட்டத்து வேலையை முடித்த கையோடு வந்து நிற்கும் தோழர்களே! கடையைப் பாதி சாத்திவிட்டு வந்திருக்கும் வியாபாரப் பெருமக்களே!

ஒட்டன்சத்திரத்தில் நின்று காய்கறி விலையைப் பற்றிப் பேசுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். காந்தி மார்க்கெட்டின் ஏலச் சத்தத்தில் வளர்ந்த ஊர் இது. கேரளத்துக்குக் காய் ஏற்றி அனுப்புகிற ஊர் இது. விற்கிறவரும் இங்கே இருக்கிறார், வாங்கித் தின்கிறவரும் இங்கே இருக்கிறார். பல வீட்டில் இரண்டும் ஒரே ஆள்தான். காலையில் தக்காளி பறித்துப் பெட்டியில் போட்ட அதே கை, சாயங்காலம் கால் லிட்டர் எண்ணெய்க்குச் சில்லறை எண்ணுகிறது. அதனால்தான் இந்த வழக்கை இந்த ஊரில் வைத்துப் பேச வந்தேன்.

விலை ஏறிவிட்டது, ஏறிவிட்டது என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். நானும் அதைத்தான் சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். ஏறின விலை ஏறினபடி நின்றால்கூட மனுஷன் அதற்குத் தகுந்தபடி ஒரு கணக்குப் போட்டுக்கொள்வான். இன்றைக்கு ஒரு விலை, நாளை மறுநாள் இன்னொரு விலை. இந்த மாதம் பருப்பு உண்டு, அடுத்த மாதம் 'லோடு வரலை, போயிட்டு அப்புறம் வாங்க'. இதில் எந்தத் தாய் கணக்குப் போடுவாள்? இந்த நிச்சயமின்மையை வீட்டுப் பெண்ணின் தலையில் இறக்கிவிட்டு, 'நம் பெண்கள் கெட்டிக்காரிகள், எப்படியும் சமாளித்துவிடுவார்கள்' என்று பாராட்டுகிறார்களே, அந்தப் பாராட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் இந்தக் கூட்டம்!

சமாளிப்பது என்றால் என்ன? நாலு தக்காளி போட்ட குழம்பில் ஒன்றைப் போட்டுப் புளியைக் கூட்டிக் கரைப்பது. சாம்பாரை ரசமாக்குவது. எண்ணெயைக் கரண்டியால் ஊற்றாமல் துணியில் தொட்டுத் தோசைக்கல்லில் தேய்ப்பது. மளிகைக் கடை நோட்டில் பாக்கியை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோவது. மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த பணத்தில் கைவைப்பது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிச்சம் இருந்தால் சாப்பிடுவது, இல்லாவிட்டால் 'எனக்குப் பசியில்லை' என்பது. எந்தப் புள்ளிவிவரத்திலாவது இந்தப் 'பசியில்லை' ஏறியிருக்கிறதா?

மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? 2019 டிசம்பரில் வெங்காயம் நூறு ரூபாயைத் தாண்டிய நேரம். மக்களவையில் குறுக்கே எழுந்த ஒரு கேள்விக்கு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பதில் சொன்னார்: தான் வெங்காயமும் பூண்டும் அதிகம் சாப்பிடுவதில்லை, அப்படிப்பட்ட குடும்பத்திலிருந்து வந்தவர் என்று. நாங்கள் அவருடைய சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, தாயே! எங்கள் சாப்பாட்டைப் பற்றித்தான் கேட்டோம்! 2023-ல் தக்காளி ஏறியபோது உத்தரப் பிரதேசத்து அமைச்சர் ஒருவர், தக்காளியை வீட்டிலேயே வளர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் சாப்பிடுவதை விட்டுவிடுங்கள் என்று யோசனை சொன்னார். ஒற்றை அறையில் ஐந்து பேர் படுத்து எழுகிற வீட்டில் தக்காளிச் செடியை எங்கே நடுவது?

இன்னொரு யோசனையும் உண்டு. விலை குறையும்போது மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். நல்ல யோசனைதான், கையில் காசு இருப்பவனுக்கு! அன்றாடக் கூலி வாங்குகிறவள் அன்றாடம்தான் வாங்குவாள். டின்னாக வாங்குகிறவனுக்கு ஒரு விலை, பாக்கெட் பாக்கெட்டாக வாங்குகிற நமக்கு அதைவிடக் கூடுதல் விலை. அந்தப் பாக்கெட்டும் மெலிந்துகொண்டே வருகிறது. முன்பு பிஸ்கட், டீத்தூள், சமையல் எண்ணெய் போன்றவற்றை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று சட்டமே அளவு வகுத்திருந்தது. பொட்டலப் பொருள் விதிகளை 2021-ல் திருத்தி அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். விலை அப்படியே நிற்கும், எடை இறங்கும். ஒரு கிராம் என்ன விலை என்று மூலையில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு நாம் சமாளித்துக்கொள்ள வேண்டும்.

'மழை பெய்தது, வெயில் அடித்தது, விலை ஏறுகிறது. அரசாங்கம் என்ன செய்யும்?' என்று கேட்பார்கள். மழையும் வெயிலும் உண்மைதான். மீதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா?

2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் மகாராஷ்டிரத்துத் தக்காளி விவசாயிகள் பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். அடுத்த இரண்டே மாதத்தில் அதே தக்காளி கிலோ நூறு ரூபாய்க்கு மேல் போனது. அந்த ஜூலையில் உணவுப் பொருள் பணவீக்கம் 11.51 சதவீதம். உங்கள் கூலி அந்த ஒரு வருஷத்தில் பதினோரு சதவீதம் ஏறியதா? விலை விழுந்தால் விவசாயி அடுத்த நடவைக் குறைக்கிறான். குறைத்த நடவு சில மாதத்தில் தட்டுப்பாடாக வந்து நிற்கிறது. விலை ஏறியதைப் பார்த்து எல்லோரும் நட்டால், மறுபடியும் சாலையில் கொட்டுகிறார்கள். இந்தச் சுற்று இந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். திட்டம் போடுகிறவர்களுக்குத் தெரியாதா?

இதில் விவசாயியாவது பிழைத்தானா? ரிசர்வ் வங்கி 2024-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை சொல்கிறது: தக்காளிக்கு நுகர்வோர் கொடுக்கும் ஒரு ரூபாயில் விவசாயியின் கைக்கு வருவது சுமார் 33 காசு. ஆகவே விளைவிக்கிறவனையும் வாங்குகிறவளையும் மோதவிடும் பேச்சை இந்த ஊரில் யாரும் எடுக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒரே கண்ணியில் மாட்டியவர்கள்.

வெங்காயத்தைப் பாருங்கள். 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு 40 சதவீத வரி. டிசம்பரில் ஏற்றுமதிக்கே தடை. மார்ச்சில் முடியும் என்றார்கள், நீட்டினார்கள். 2024 மே மாதம் எடுத்தார்கள். நட்டவனுக்குத் தான் எந்த விலைக்கு விற்போம் என்று தெரியாது. இது மழை செய்த வேலையா, கோப்பு செய்த வேலையா?

எண்ணெய்க்கு வருவோம். நாட்டுக்குத் தேவையான சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. 2022-ல் உக்ரைனில் போர் என்றால் இங்கே சூரியகாந்தி எண்ணெய் ஏறுகிறது. அதே ஆண்டு ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தினால் இங்கே பஜ்ஜிக் கடை தள்ளாடுகிறது. அது வெளியே நடந்தது, சரி. 2024 செப்டம்பரில், தீபாவளிக்கு ஒன்றரை மாதம் முன்னால், கச்சாச் சமையல் எண்ணெயின் இறக்குமதி வரியை, கூடுதல் வரிகளையும் சேர்த்து, 5.5 சதவீதத்திலிருந்து 27.5 சதவீதத்துக்கு ஏற்றியது யார்? உள்நாட்டு எண்ணெய்வித்து விவசாயியைக் காக்க என்றார்கள். காக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கான பணத்தைப் பலகாரம் சுடுகிற ஏழைத் தாயின் வாணலியிலிருந்துதான் எடுக்க வேண்டுமா?

'நிச்சயமான விலை என்பது நடக்காத காரியம்' என்கிறவர்களை ஒன்று கேட்கிறேன். ரேஷன் அரிசி விலையை நினைத்து இந்த ஊரில் யாராவது தூக்கம் கெட்டதுண்டா? இல்லை. ஏன் இல்லை? தானாக வந்த நிம்மதியா அது?

அறுபதுகளில் இந்த மாநிலம் அரிசிக்குத் தவித்தது. அந்தத் தவிப்பு 1967-ல் ஓட்டுப்பெட்டிக்குள் போனது. ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்றார் அண்ணா. சென்னையிலும் கோவையிலும் ஒரு படித் திட்டம் வந்தது. 1972-ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. 1997-ல் மத்திய அரசு ஏழை யார், ஏழை இல்லாதவர் யார் என்று கோடு கிழித்தபோது, எல்லோருக்கும் ரேஷன் என்பதைத் தமிழ்நாடு விட்டுக்கொடுக்கவில்லை. 2011-ல் அரிசி விலையில்லாமலே வந்தது. ஆட்சிகள் மாறின, கட்சிகள் மாறின. அரிசி மட்டும் மாறவில்லை. ஏன்? அதில் கைவைத்தால் நீங்கள் விடமாட்டீர்கள் என்று எல்லாக் கட்சிக்கும் தெரியும்!

பருப்பிலும் பாமாயிலிலும் கட்சிகளுக்கு அந்தப் பயம் இல்லை. 2007-ல் தொடங்கிய ரேஷன் கடைச் சிறப்புத் திட்டத்தில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அருமையான திட்டம், கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் 2024 மே மாதம் என்ன நடந்தது? கடைக்குப் போனால் பருப்பு இல்லை, எண்ணெய் இல்லை. தேர்தல் நடத்தை விதியால் டெண்டர் தாமதமாகிவிட்டது என்றார்கள். தேர்தல் என்ன, ராத்திரியில் சொல்லாமல் வந்த விருந்தாளியா? ஐந்து வருஷத்துக்கு முன்பே தெரிந்த தேதிக்கு இரண்டு மாதப் பருப்பை முன்கூட்டி வாங்கிக் கிடங்கில் போட முடியாதா? மே மாதப் பங்கை ஜூனில் வாங்கிக்கொள்ளலாம் என்று பிறகு அறிவித்தார்கள். ஜூனில் வரும் பருப்பு மே மாதக் குழம்பில் எப்படிக் கொதிக்கும்? வெளியே கிலோ 160 ரூபாய்க்கு மேல் கொடுத்து அந்த மாதத்தைத் தள்ளியவர் யார்? நீங்கள்! சமாளித்தீர்கள்!

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறேன். நாலே நாலு.

ஒன்று: பருப்பும் பாமாயிலும் குறைந்தது மூன்று மாதத்துக்கு முன்கையிருப்பாகக் கிடங்கில் இருக்க வேண்டும். ஒரு மாதம் தவறினால், அடுத்த மாதம் சேர்த்து வாங்குவது அமைச்சர் அறிவிக்கும் சலுகையாக இருக்கக் கூடாது. அட்டைதாரரின் உரிமையாக விதியில் எழுதப்பட வேண்டும்.

இரண்டு: 2023 ஜூலையில் சென்னை ரேஷன் கடைகளில் தக்காளி கிலோ 60 ரூபாய்க்கு விற்றார்களே, அது நடக்கிற காரியம் என்று அரசே காட்டிவிட்டது. அதை ஆபத்துக்கால வைத்தியமாக விடாமல் நிரந்தரமாக்குங்கள். நகரத்துக்கு மட்டும் வேண்டாம், எல்லா ஊருக்கும் வேண்டும்.

மூன்று: விழும்போது விவசாயியைப் பிடித்து நிறுத்துங்கள். நம் லாரி போய் இறங்குகிற கேரளம், 2020 நவம்பர் 1 முதல் 16 வகைக் காய்கனிகளுக்கு அடிப்படை விலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வாங்கித் தின்கிற மாநிலம் செய்கிறது. விளைவித்து அனுப்புகிற மாநிலம் ஏன் செய்யக் கூடாது?

நான்கு: பாக்கெட்டின் எடையைக் குறைத்தால், 'எடை குறைக்கப்பட்டுள்ளது' என்று முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போடச் சட்டம் வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். அந்தப் பணம் இன்றைக்கும் செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. கடை நோட்டிலும், அடகுக் கடைச் சீட்டிலும், ரத்தசோகையிலும் செலவாகிறது. அரசின் கணக்கில் எழுத வேண்டியதை உங்கள் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, நம் வேலை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ன் 29-வது பிரிவு, ஒவ்வொரு ரேஷன் கடைக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. உங்கள் கடையின் குழுவில் யார் யார் இருக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! பார்த்தீர்களா? நாளைக் காலையில் போய் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். தரவில்லையென்றால் எழுதிக் கேளுங்கள். வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அடுத்த கிராம சபையில் இந்த நாலு கோரிக்கையும் தீர்மானமாக ஏற வேண்டும். கடைக்காரத் தம்பியிடம் சண்டை போடாதீர்கள்; அவரிடம் பருப்பு இருந்தால் கொடுத்திருப்பார். அனுப்ப வேண்டியவர்களைக் கேளுங்கள்.

அரிசியை இப்படித்தான் வாங்கினோம். கேட்டு வாங்கினோம், ஓட்டுப் போட்டு வாங்கினோம், விடாமல் நின்று வாங்கினோம். பருப்பையும் எண்ணெயையும் தக்காளியையும் அதே வழியில் வாங்குவோம். இனிமேல் 'எப்படிம்மா சமாளிக்கிறீங்க?' என்று எந்தக் கட்சிக்காரர் வீட்டு வாசலில் வந்து கேட்டாலும், 'சமாளிக்க மாட்டோம், பதில் சொல்லுங்க!' என்று கேளுங்கள்.