இருட்டில் எட்டு நிமிடம்



செல்போனில் எடுத்த படத்தை அந்த நொடியே பார்க்கிறோம், பிடிக்காவிட்டால் அழித்துவிடுகிறோம். நம் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருக்கும் கறுப்பு வெள்ளைப் படங்கள் அப்படி வந்தவையல்ல. உதகமண்டலத்தில் 1960-இல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனத்தின் 'இந்து' பிலிமை வாங்கிப் படமெடுத்து, மீஞ்சூரில் நம் வீட்டுக் குளியலறையிலேயே கழுவிய நாட்கள் உண்டு.

சன்னல் இடுக்கில் போர்வையை அடைத்து, கும்மிருட்டில் பிலிமைச் சுற்றி டேங்குக்குள் வைத்து மூட வேண்டும். டெவலப்பர் 20 டிகிரியில் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு, சுற்றிலும் ஐஸ்கட்டி போட்டுத்தான் குளிர்விப்போம். ஏறக்குறைய 8 நிமிடம் ஆன பிறகு ஹைப்போ. ஒளி படாத வெள்ளி உப்பை அதுதான் கரைத்து நீக்கும். கடைசி அலசலுக்கு உவர்நீர் ஆகாது. காய்ந்ததும் கறை படியும். கடல்நீர் புகுந்த நிலத்தடி நீர் நமக்குத் தெரியாததா? அதற்கென்று ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைப்போம்.

ஒருமுறை பாட்டியைப் படமெடுத்தோம். 3 நிமிடம்கூட ஆகவில்லை, ஆவல் தாங்காமல் மூடியைத் திறந்துவிட்டோம். கண்ணெதிரே பிலிம் முழுவதும் கறுத்துப்போனது. அடுத்த மாதம் பாட்டி இறைவனடி சேர்ந்தார். இன்றும் நம் வீட்டுச் சுவரில் அவர் முகம் இல்லை.

பிரியமானவர்களே, ஒளி பட்ட கணமே படம் பிலிமில் பதிந்துவிடுகிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. தேர்வில் தவறிய மகன், ஷிப்டு முடிந்து வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொள்ளும் மகள், குடியை விட்டுப் பத்தே நாளான தம்பி. இவர்களுக்குள்ளும் இறைவனின் ஒளி பட்டிருக்கிறது. நாமோ பாதியில் மூடியைத் திறந்து, "நீ இவ்வளவுதான்" என்று தீர்ப்பிட்டுவிடுகிறோம்.

காத்திருப்பது என்றால் கைகட்டி நிற்பதல்ல. அந்த 8 நிமிடமும் அருகிலேயே இருந்து, நிமிடத்துக்கு ஒருமுறை டேங்கை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அதுபோல, "சாப்பிட்டாயா?" என்று கேட்போம், கதவைத் தாழிடாமல் வைப்போம். ஊதாரி மைந்தனின் தந்தையும் மகன் தொலைவில் வரும்போதே கண்டுகொண்டாரே!

இந்த வாரம் ஒருவரைப் பற்றிய நம் தீர்ப்பைத் தள்ளிவைத்து, அவருக்காக மன்றாடுவோம். ஆமென்.