குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்

(உளவியல், சிறப்புக் கல்வி, பேச்சுப் பயிற்சி ஆகிய படிப்புகளை முடித்த மாணவர்களுக்குப் பம்மலில் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை)



மூன்று துறைகளாகப் பிரிந்து படித்தீர்கள். வேலைக்குப் போனதும் மூன்று துறையினர் கையிலும் ஒரே கருவிதான் இருக்கப்போகிறது: செல்போன். நீங்கள் சந்திக்கப்போகும் குழந்தைகளில் பலரை அதன் வழியாகத்தான் பார்ப்பீர்கள். ஆன்லைன் தெரபியைப் பல வருடங்களாகச் செய்துவருகிறவள் என்ற முறையில், அதைப் பற்றி ஒரு கருத்தை மட்டும் சொல்லிவிட்டு அமர்ந்துவிடுகிறேன்.

இது ஏன் தேவைப்படுகிறது என்பதை இந்த ஊரில் இருந்தே பார்ப்போம். பம்மலில் ஒரு வீட்டில் இரண்டரை வயதுப் பையனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்பார் ஆயா. நாக்கில் வசம்பு தேய்ப்பார்கள், கோயிலுக்கு வேண்டிக்கொள்வார்கள். ஆறு மாதம் ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் எங்கே காட்டுவது என்ற பேச்சே எழும். எழும்பூரில் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. பல்லாவரம் போய் மின்சார ரயில் ஏற வேண்டும். கீழ்ப்பாக்கத்தில் 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனை இருக்கிறது. முட்டுக்காட்டில் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்காக மத்திய அரசு 2005-ல் தொடங்கிய தேசிய நிறுவனம் இருக்கிறது. மூன்றும் நல்ல இடங்கள்தான். ஆனால் கூட்டத்தையும் ஹாரன் சத்தத்தையும் தாங்காத பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரம் இரண்டு முறை போய்வர, தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் ஷிப்ட் வேலை பார்க்கும் தாயால் எத்தனை வாரம் முடியும்? பாதியில் நின்றுவிடுவார். கேஸ் ஷீட்டில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். பஸ், ரயில், பறிபோன கூலி எதுவும் அந்தத் தாளில் ஏறாது.

ஆள் பற்றாக்குறையும் சேர்ந்துகொள்கிறது. நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருப்பதாகச் சொன்னது. நம் நாட்டிலோ லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை. இந்த இடைவெளியை நிரப்பத்தான் 2022 அக்டோபர் 10 அன்று டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழ்நாட்டில் அதற்கு 'நட்புடன் உங்களோடு' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர், நல்ல சேவை. நெருக்கடியான ஒரு ராத்திரியில் அந்த ஒரு போன் ஒரு பிள்ளையைக் காப்பாற்றும். ஆனால் பேச்சு வராத பையனுக்கும், பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பெண்ணுக்கும் மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. போன் இணைப்பு கிடைத்துவிட்டால் அந்த வேலை தானாக நடந்துவிடாது.

எப்படி நடக்கும் என்பதை நம் மாநிலமே காட்டியிருக்கிறது. டாக்டர் சாரதா மேனன் 1984-ல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு, 2010-ல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. பேருந்துக்குள் ஒரு திரை; திரையில் சென்னையில் இருக்கும் மனநல மருத்துவர். இதைச் சொல்லும்போது எல்லோரும் திரையைப் பற்றித்தான் வியந்து பேசுவார்கள். ஆனால் அதே பேருந்தில் மருந்தும் போனது, வீடு வீடாக மக்களைத் தெரிந்த பணியாளர்களும் போனார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று விசாரிக்க ஊரில் ஒருவர் இருந்ததால்தான் திரையில் டாக்டர் சொன்ன வார்த்தைக்குப் பலன் இருந்தது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடிக்குப் போங்கள். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-ல் தொடங்கிய அமர் சேவா சங்கம் அங்கே இருக்கிறது. வளர்ச்சி தாமதமான சின்னக் குழந்தைகளின் வீட்டுக்கு, பயிற்சி பெற்ற களப்பணியாளர் ஒருவர் போகிறார். குழந்தையின் நிலையை 'எனேப்ளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிகிறார். வல்லுநர்கள் அதைப் பார்த்து அடுத்த பயிற்சியைச் சொல்கிறார்கள். வல்லுநர் தூரத்தில் இருக்கலாம். குழந்தையைத் தொட்டு உட்காரவைக்க வீட்டில் ஒருவர் இருக்கிறார்.

கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்த ஒரு ஆய்வு 2016-ல் வெளிவந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தையோடு பெற்றோர் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதை அவர்களுக்கே போட்டுக் காட்டிப் பேசினார்கள். பேசியவர்கள் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள். பெற்றோர் பிள்ளையோடு பழகும் விதம் மாறியது. பிள்ளை தானாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது.

இங்கேதான் என் கருத்துக்கு வருகிறேன். இந்த முயற்சிகள் எல்லாவற்றிலும் உதவி தேவைப்பட்டவரின் பக்கத்தில் ஒருவர் இருந்தார். பம்மலில், அனகாபுத்தூரில், பொழிச்சலூரில் நீங்கள் ஆன்லைனில் வேலை செய்யும்போது அந்த ஒருவர் ஒரு அம்மாவாகவோ, ஆயாவாகவோ, சித்தியாகவோ இருப்பார். உங்கள் சிகிச்சை அவர் கை வழியாகத்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும். ஆகவே உங்கள் முதல் மாணவர் அவர்தான்.

ஒரு செஷனைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். காலை பதினொரு மணி. எவர்சில்வர் சொம்பில் சாய்த்து வைத்த போன். அம்மா வேலைக்குப் போய்விட்டார், பையனோடு இருப்பது ஆயா. விமானம் தாழப் பறக்கும்போதெல்லாம் அரை நிமிடம் பேச்சை நிறுத்தவேண்டியிருக்கிறது. பையன் பிஸ்கெட் டப்பாவைப் பார்க்கிறான். அவன் வாயைத் திறப்பதற்குள் ஆயா இரண்டு பிஸ்கெட்டைக் கையில் திணித்துவிடுகிறார். அவனுக்குப் பேச வேண்டிய தேவையே வரவில்லை. "ஆயா, பாதி பிஸ்கெட் குடுங்க. மீதியை உங்க முகத்துக்கிட்ட வச்சுக்கிட்டு அவனைப் பாருங்க. மனசுக்குள்ள அஞ்சு வரைக்கும் எண்ணுங்க" என்றேன். மூன்று எண்ணுவதற்குள் ஆயாவுக்குப் பொறுக்கவில்லை. "பச்சப்புள்ளையைப் போய் ஏங்க வைக்கச் சொல்றீங்களேம்மா" என்று என்னைக் கடிந்துகொண்டு கொடுத்துவிட்டார். சில வாரங்கள் போயின. ஒரு நாள் ஐந்து வரை எண்ணினார். பையன் பிஸ்கெட்டைப் பார்த்தான், ஆயாவின் முகத்தைப் பார்த்தான், "தா" என்றான். வாரத்தில் முக்கால் மணி நேரம் எனக்கு. அவன் விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் ஆயாவுக்கு. அவர் எண்ணக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து சோறு, தண்ணீர், செருப்பு, பந்து எல்லாமே அந்த வீட்டில் பாடமாகிவிட்டது.

பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த வழிமுறை இன்டர்நெட்டுக்கு முந்தையது. அமெரிக்க உளவியலாளர் ஷீலா ஐபர்க் 1970-களில் ஒரு சிகிச்சையை உருவாக்கினார். அடம்பிடிக்கும் குழந்தையோடு தாய் ஓர் அறையில் விளையாடுவார். சிகிச்சையாளர் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து, தாயின் காதில் உள்ள கருவி வழியே சொல்லிக்கொடுப்பார். நாடக ஆசிரியர் பம்மல் சம்பந்த முதலியாரின் பெயரோடு ஒட்டிய இந்த ஊரில் இதை விளக்குவது சுலபம். மேடையில் நடிப்பவர் தாய். திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவர் நீங்கள். கைதட்டல் அவருக்குப் போகட்டும்.

இன்னொன்று. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் திரை பார்ப்பதைக் கட்டுப்படுத்தச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வழிகாட்டியது. அதையே பெற்றோரிடம் சொல்லிவிட்டு, இரண்டு வயதுப் பிள்ளையை நாமே போன் முன்னால் உட்காரவைத்தால் எப்படி? போனை ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். குழந்தை ஆயாவைப் பார்க்கட்டும்; நீங்கள் இருவரையும் பாருங்கள்.

வளர்ந்த பிள்ளைகளிடம் இதே கருத்து வேறு விதமாகப் பொருந்தும். பத்தாவது படிக்கும் பெண், ஒரே ஒரு ஹால் உள்ள வீடு, அடுப்படியில் அம்மா, டி.வி. முன்னால் தாத்தா. அவள் மனதில் இருப்பதை அங்கே எப்படிச் சொல்வாள்? 2020 மார்ச் 25-ல் வந்த தொலை மருத்துவ வழிகாட்டு நெறிகள், 18 வயதுக்குட்பட்டவரோடு ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்கின்றன. உடன் இருப்பது வேறு, ஒவ்வொரு வார்த்தையையும் ஒட்டுக்கேட்பது வேறு. முதல் செஷனிலேயே அம்மா, அப்பா, பிள்ளை மூவரையும் வைத்து இந்த எல்லையைப் பேசி முடித்துவிடுங்கள். மொட்டை மாடியோ, இயர்போனோ, தட்டச்சு செய்து அனுப்புவதோ, எது அவளுக்கு வசதி என்று கேளுங்கள். யாராவது வந்துவிட்டால் கணக்குப் பாடத்தைப் பற்றிப் பேச்சை மாற்றிக்கொள்வோம் என்று உடன்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பாலியல் துன்புறுத்தல் என்று தெரியவந்தால் 2012-ம் ஆண்டு போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் செய்தே ஆகவேண்டும். அதை மறைக்காமல் ஆரம்பத்திலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்.

திரையால் முடியாதவையும் இருக்கின்றன. பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும். அதை நேரில்தான் செய்ய முடியும். வலிப்பு இருந்தாலும், தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலும் மருத்துவமனைக்கு அனுப்பியே தீர வேண்டும். ஒவ்வொரு செஷன் தொடக்கத்திலும் இப்போது எங்கே இருக்கிறீர்கள், அவசரத்துக்குப் பக்கத்து வீட்டில் யாரைக் கூப்பிடலாம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி வேறிடத்துக்கு அனுப்புகிறவரை எந்தக் குடும்பமும் குறைவாக நினைக்காது.

தொழிலின் பெயரைக் கெடுப்பவர்களும் இதே போனில்தான் வருகிறார்கள். மூன்றே மாதத்தில் ஆட்டிசம் குணமாகும் என்று விளம்பரம் வருகிறது. ஆட்டிசம் குணமாக்க வேண்டிய நோய் அன்று. அது குழந்தையின் வளர்ச்சி வேறுபட்டு அமையும் விதம். பேசவும் பழகவும் தன் வேலையைத் தானே செய்யவும் நாம் உதவலாம். அது வருடக்கணக்கான வேலை. 1992-ம் ஆண்டு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்ய வேண்டியவர்கள் பதிவு செய்யுங்கள், பதிவு எண்ணைக் கேட்காமலே காட்டுங்கள். செஷன் வீடியோவை ரீல்ஸில் போடாதீர்கள். பெற்றோரே சம்மதித்தாலும் போடாதீர்கள். அந்தப் பிள்ளை நாளைக்கு வளர்ந்து கல்லூரிக்கு வரும்.

பட்டதாரிகளே, வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒன்றைச் செய்யுங்கள். குழந்தையின் பெயரை எழுதியதும், பகல் முழுக்க அதனோடு இருப்பவர் யார் என்று கேட்டு அவர் பெயரையும் எழுதுங்கள். அவருக்குப் புரியும் தமிழில், அவருக்கு ஓய்வான நேரத்தில், அவர் வீட்டில் இருக்கும் பொருளைக் கொண்டு சொல்லிக்கொடுங்கள். அவர் செய்ததைப் பாராட்டிவிட்டு அடுத்ததைச் சொல்லுங்கள். நீங்கள் இல்லாத வேளையிலும் அந்தக் குழந்தைக்குத் தெரபி நடக்க வேண்டும் என்றால் வேறு வழி கிடையாது.