எஞ்சின் விடும் மூச்சு

புனே நகரில் மோட்டார் உறுப்புகளுக்குப் பேர்போன இடம் நானா பேட்டை. அங்கே கைக்குள் அடங்கும் சிறு வடிகட்டி ஒன்றை நேயர்கள் கண்டிருக்கலாம். சிவப்புத் துணி மடிப்பும் பளபளக்கும் மூடியும் கொண்டது. 'பிரீதர் ஃபில்டர்' என்று பெயர். இதைப் பொருத்தினால் எஞ்சின் தாராளமாக மூச்சு விடும், வலிமை கூடும் என்பர் விற்போர். அலுவலகத்துக்கும் சந்தைக்கும் ஓடும் காருக்கு இது வேண்டுமா என்பதே நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

எஞ்சினுக்கு மூச்சு எதற்கு? சிலிண்டருக்குள் வெடிக்கும் வாயுவில் சிறு பங்கு, பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியே கீழே கசிந்து, ஆயில் நிறைந்த கிராங்க் அறைக்குள் புகுகிறது. புது எஞ்சினிலும் இது உண்டு. எரியாத பெட்ரோல், நீராவி, புகைக்கரி ஆகியவை அதில் கலந்திருக்கும். வெளியேற வழியில்லையேல், அழுத்தம் மிகுந்து சீல்கள் வழியே ஆயில் ஒழுகும்.

பழைய கார்களில் இவ்வாயுவைச் சாலையை நோக்கி நீண்ட வெறுங்குழாய் ஒன்று வெளியே விட்டது. அக்காலத்துக் கார் வெளிவிட்ட ஹைட்ரோகார்பன் மாசில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இவ்வழியே வந்தது. 1961-ஆம் ஆண்டு மாடல் முதல் கலிபோர்னியாவில் விற்ற புதுக் கார்களில் இதற்கு ஒரு மாற்று வந்தது. எஞ்சின் தானே காற்றை உறிஞ்சும் விசையைக் கொண்டு, அவ்வாயுவை ஒரு வால்வு வழியே இழுத்து மீண்டும் எரித்துவிடுவது. பி.சி.வி. வால்வு என்பது அதுவே. வெளியேறும் வாயுவுக்கு ஈடாக, ஏர் ஃபில்டரில் வடிகட்டிய காற்று மற்றொரு குழாய் வழியே உள்ளே வருகிறது. ஆகவே அங்கே நடப்பது வெறும் கசிவன்று. கிராங்க் அறையை ஓயாது அலசிக்கொண்டிருக்கும் காற்றோட்டம்.

குழாய்களைக் கழற்றிவிட்டுச் சிறு வடிகட்டிகளைச் செருகினால் இந்த அலசல் நின்றுபோகிறது. அழுத்தம் தள்ளும்போது வாயு வெளியேறும். இழுப்பு இல்லாததால் நீராவி உள்ளேயே தங்கும். புனேயின் மழைக்காலத்தை எண்ணிப் பாருங்கள். கோத்ரூடிலிருந்து டெக்கான் வரை சிறு தூரம் ஓடி, சூடேறுமுன்னே நிற்கும் கார். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய்போல் ஒரு பசை படியும். அது ஆயிலும் நீரும் கலந்த கலவை.

வால்வை விட்டுவிட்டு, காற்று வரும் குழாயை மட்டும் கழற்றுவாரும் உளர். காற்றை அளக்கும் சென்சார் பொருத்திய கார்களில் அளவுக்குள் வராத காற்று புகுந்து, கலவை மெலிந்து, ஓய்வோட்டம் தடுமாறும். எச்சரிக்கை விளக்கும் எரியலாம். வலிமையோ ஓட்டுவோர் உணருமளவுக்குக் கூடுவதில்லை. ஆயில் நெடி காருக்குள் வருவது மட்டும் நிச்சயம்!

புனேயில் வேதாள் குன்றின்மேல் 1966-இல் நிறுவப்பட்ட இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம், கார் மாதிரிகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையங்களுள் ஒன்று. பெட்ரோல் கார்களுக்கான அச்சோதனைகளுள், கிராங்க் அறை வாயு வெளியே கசியலாகாது என்பதும் ஒன்று. நாம் அவ்வப்போது எடுக்கும் பி.யு.சி. சான்றிதழோ, புகைக்குழாய் முனையை மட்டுமே பார்க்கிறது. எனவே வடிகட்டி வழியே வருவதை அது காணாது. பின்னே ஸ்கூட்டரில் வருபவர்தாம் அதைச் சுவாசிப்பார்.

பந்தயக் கார்களின் கதை வேறு. அங்கே எஞ்சின் நெடுநேரம் உச்ச வேகத்தில் சுழல்கிறது. ஓட்டத்துக்கு ஓட்டம் பிரித்துப் பார்க்க ஆளும் உண்டு. பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்களில் உள்வால்வுகள்மேல் கரி படிவதும் மெய்யே. அதற்கு வாயுவை வெளியே விடாமல் ஆயிலை மட்டும் பிரிக்கும் மூடிய கலம் ஓரளவு உதவலாம். திறந்த வடிகட்டி அன்று.

செலவிட எண்ணிய பணத்தில் பழைய வால்வையும் வெடித்த ரப்பர் குழாயையும் மாற்றலாம். பல கார்களில் வீட்டிலேயே சோதிக்க முடியும். எஞ்சின் ஓய்வாக ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து, வாயின்மேல் ஒரு தாளை வையுங்கள். தாள் மெல்ல ஒட்டிக்கொண்டால் காற்றோட்டம் சரி. மேலே தூக்கியடித்தால், வால்வு அடைத்திருக்கலாம், அன்றி வளையங்கள் தேய்ந்திருக்கலாம், மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.