வாசிக்கப்படாத வரி

கண்ணால் பார்க்க வேண்டிய ஒரு விஷயத்தைக் காதுக்கு மட்டுமே எட்டும் வானொலியில் பேச முற்படுவது சற்று விபரீதமான காரியந்தான். ஆயினும் ஜெர்மானிய சங்கீத மேதை ராபர்ட் ஷூமனின் பியானோ உருப்படிகளைப் பற்றிப் பேச வந்தவன் இந்த விபரீதத்திலிருந்து தப்ப வழியில்லை.

பியானோ சங்கீதத்தை வலக்கைக்கு ஐந்து கோடுகள், இடக்கைக்கு ஐந்து கோடுகள் என்று இரண்டு அடுக்குகளாக எழுதுவது ஐரோப்பியர் வழக்கம். 1839-ஆம் ஆண்டில், வியன்னா நகரில் தங்கியிருந்த காலத்தில், ஷூமன் இயற்றிய 'ஹூமரெஸ்க' என்னும் நெடிய உருப்படியில் ஓரிடத்தில், இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு தோன்றுகிறது. 'உட்குரல்' என்று பொருள்படும் ஜெர்மன் சொற்களைத் தலைப்பாகக் கொண்டு, நீண்ட ஸ்வரங்களாக மெல்ல நடந்து செல்லும் அந்த வரியை எந்தக் கையும் வாசிப்பதில்லை. மேலே வலக்கை விரல்கள் ஓய்வின்றி ஓடிக்கொண்டிருக்க, வாசிப்பவர் அந்த நடு வரியைக் கண்ணால் படித்து மனத்துக்குள்ளேயே பாடிக்கொண்டு போக வேண்டும். சபையில் அமர்ந்திருப்பவருக்குக் கிடைப்பது அந்த மௌன கானத்தின் நிழல் மட்டுமே.

இப்படி ஒரு விசித்திரம் எங்கிருந்து வந்தது? 1810-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி ஸ்விக்காவ் என்னும் ஊரில், புத்தக வியாபாரமும் பிரசுரமும் செய்துவந்த ஒருவரின் மகனாகப் பிறந்த ஷூமனுக்கு, எழுத்தும் இசையும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வாய்த்தன. ழான் பவுல் என்ற ஆசிரியரின் நவீனங்களில் தோய்ந்து வளர்ந்தவர் அவர். சட்டம் படிக்க லைப்ஸிக் சென்று, சட்டத்தைக் கைவிட்டு, பிரீட்ரிக் வீக் என்பவரிடம் பியானோ பயின்று, வலக்கை விரல் பழுதுபட்டதனால் வித்வானாக மேடையேறும் ஆசையையும் கைவிட்டார். விரல் கெட்டதற்குக் காரணம் அவர் கையில் மாட்டிக்கொண்ட ஒரு பயிற்சிக் கருவி என்பார் சிலர். இதில் அபிப்பிராய பேதம் உண்டு. எப்படியாயினும், கையால் வாசிக்க முடியாமற்போனவர் காகிதத்தில் வாசிக்கத் தொடங்கினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1834-இல் சங்கீதப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கி, தம் சுபாவத்தின் இரு பாதிகளுக்கு, வேகமுள்ளதற்கு ஃப்ளோரெஸ்டான் என்றும் கனவில் ஆழ்வதற்கு யூஸெபியஸ் என்றும், நாமகரணம் செய்து, அவ்விருவர் பெயராலும் விமரிசனம் எழுதினார். 1839 வரை, அதாவது தம் முதல் 23 பிரசுரங்களிலும், பியானோவைத் தவிர வேறொன்றுக்கும் அவர் இசை அச்சேறவில்லை.

ஜெர்மானியர் ஸ்வரங்களை எழுத்துக்களாலேயே அழைப்பவர்கள். ஆகவே ஏ, பி, ஈ, ஜி, ஜி என்ற ஐந்து ஸ்வரங்களைக் கோத்தால் 'அபெக்' என்ற பெயர் வந்துவிடுகிறது. அவருடைய முதல் பிரசுரமே அந்தப் பெயரின் மேல் கட்டியதுதான். பிறகு வந்த 'கார்னவல்', முகமூடி நடனம் ஒன்றின் சித்திரங்களைப் போன்றது. சங்கீத வித்வான்களான ஷோப்பனும் பகனீனியும் அதில் வந்து போகிறார்கள், ஃப்ளோரெஸ்டானும் யூஸெபியஸும் வருகிறார்கள். அதன் சிறு உருப்படிகளுக்கெல்லாம் வித்து, ஏ, எஸ், சி, எச் என்ற நான்கு எழுத்துக்களாலான 'ஆஷ்' என்ற ஓர் ஊர்ப் பெயர். அக்காலத்தில் அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த எர்னஸ்டீன் என்ற பெண்ணின் ஊர் அது. தம் சொந்தப் பெயரில் ஸ்வரமாகக்கூடிய எழுத்துக்களும் அதே நான்குதான் என்று கண்டு அவர் அடைந்த ஆனந்தத்துக்கு அளவில்லை. விவாகம் நடைபெறவில்லை, எழுத்துக்கள் மட்டும் நின்றன. நம் சங்கீதத்தில், பாட்டின் எழுத்தும் அதன் ஸ்வரமும் ஒன்றாகவே அமையும் ஸ்வராட்சரத்தை ரசித்தவர்களுக்கு இந்த விளையாட்டின் சுவையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நமது ஸ்வராட்சரம் கேட்பவர் காதில் விழுவதற்கென்றே அமைவது, ஷூமனுடையதோ காகிதத்தில் புதைந்து கிடப்பது. 'கார்னவல்' நடுவில் 'ஸ்பிங்க்ஸ்' என்ற பெயரில் அந்த எழுத்துக்களையே பழைய பாணி ஸ்வரக் குறிகளாக மூன்று துண்டுகளில் அவர் எழுதிவைத்திருக்கிறார். வாசிக்கிறவர்கள் பெரும்பாலும் அவற்றைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். பியானோ வித்வான் ராக்மனினோவோ 1929-இல் இசைத்தட்டுக்காக வாசித்தபோது அவற்றையும் முழங்கினார். அது எனக்கு உடன்பாடில்லை. ரகசியத்தை உரக்கச் சொன்னால் அது வேறொன்றாகிவிடுகிறது.

இவ்வளவு மறைத்துப் பேசியவருக்கு மறைத்தே பேச வேண்டிய நிர்ப்பந்தமும் நேர்ந்தது. குருவின் மகள் கிளாரா, ஒன்பது வயது இளையவள், இளம் பிராயத்திலேயே கீர்த்தி பெற்ற வாத்தியக்காரி. காதல் கொண்ட இருவரும் சந்திப்பதையே வீக் தடுத்துவிட்டார். 1836-இல் பிறந்து பியானோ மேதை லிஸ்ட் அவர்களுக்குச் சமர்ப்பணமான 'ஃபான்டஸி', பான் நகரில் பீத்தோவனுக்கு எழுப்பவிருந்த சிலைக்கு உதவியாக எழுதப்பட்டது என்றாலும், அதன் முதற்பகுதி கிளாராவுக்கான புலம்பலே. தூரத்துக் காதலியைப் பற்றி பீத்தோவன் இயற்றிய பாட்டின் சாயல் அப்பகுதியின் முடிவில் கேட்பது தற்செயல் அல்ல என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். வீக் இசையாததால் நீதிமன்றம் வரை சென்று, 1840 செப்டம்பர் 12-ஆம் தேதி, கிளாராவுக்கு இருபத்தொரு வயது நிறைவதற்கு முந்திய தினம், விவாகம் நடந்தது.

ஆண்டுகள் பல கழித்து, 1854 பிப்ரவரியில், டுஸ்ஸல்டார்ஃப் நகரில், புத்தி பேதலித்திருந்த நிலையில், ஷூமன் தேவதைகள் பாடிக் காட்டியதாகச் சொல்லி ஒரு மெட்டை எழுதிக்கொண்டு அதன்மேல் மாறுபாடுகளை இயற்றத் தொடங்கினார். அந்த மெட்டு சில மாதங்களுக்கு முன் தாமே எழுதிய வயலின் கான்செர்ட்டோவின் விளம்பப் பகுதியை ஒத்தது. அதை அவர் அறியவில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போதே எழுந்து சென்று ரைன் நதியில் குதித்தார். மீட்கப்பட்டு, எண்டெனிக் சிகிச்சை விடுதியில் இரண்டாண்டுகளுக்கு மேல் இருந்து, 1856 ஜூலை 29-ஆம் தேதி மறைந்தார். அந்த மாறுபாடுகள் கிளாராவுக்கே சமர்ப்பிக்கப்பட்டிருந்தன. கணவரின் படைப்புக்களைப் பல்லாண்டுகள் மேடைதோறும் வாசித்துத் தாமே பதிப்பித்தும் வந்த அந்த அம்மாள், இதை மட்டும் அச்சேற்றவில்லை. முழு உருப்படியும் வெளியானது 1939-இல்.