அச்சகம் கைவிட்ட ஆட்டம்

‘ஸ்டார் வார்ஸ்’ என்னும் விண்வெளிப் போர்த் திரைப்படத்தைத் தழுவி, 1995 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெசைஃபர் நிறுவனம் ஒரு சீட்டாட்டத்தை வெளியிட்டது. ஒருவர் ஒளிப்பக்கம், மற்றவர் இருட்பக்கம். ஆளுக்கு 60 சீட்டு. அச்சீட்டுக்கட்டே ஆடுபவரின் உயிர். அது முழுதும் தீர்ந்தவர் தோற்றவராவர். கடையில் வாங்கும் உறைக்குள் எச்சீட்டு இருக்குமென்பது வாங்குவோர்க்குத் தெரியாது. வாணிகத் தந்திரமென்றே அதனைச் சொல்லவேண்டும்.

2001 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் உரிமம் முடிவடையவே, புதிய தொகுதிகள் நின்றன. ஆயினும் ஆட்டம் மடியவில்லை. ஆடுவோரின் குழுவொன்று புதிய சீட்டுகளை ஆக்கி, ஆடிப்பார்த்துத் திருத்தி, விலையின்றி வழங்கலாயிற்று. அவற்றைத் தாளில் அச்சிட்டுக் கத்தரித்து, பழைய சீட்டின்மேல் வைத்து, ஒளிபுகும் உறையிலிட்டு ஆடுவர். வலுவற்றதென்று பெட்டியிற் கிடந்த பழஞ்சீட்டும் இவ்வாறு மீண்டும் களத்துக்கு வந்தது.