வண்ணம் தந்தவர்
(கொமரலிங்கத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



துணியைப் புகழ்வோர் நெய்தவன் பெயரைக் கேட்பதில்லை என்பது நாம் அறிந்ததே. சினிமாவிலும் அவ்விதமே நிகழ்கின்றது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸார் 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமாகும். இங்கிலாந்தில் நெசவுத்துறை பயின்று வந்த அதன் அதிபர் டி.ஆர். சுந்தரத்தையும், நடித்த எம்.ஜி.ஆர்., பானுமதி ஆகியோரையும் நாம் அறிவோம். கேவாகலர் பிலிமில் அதனைப் படம்பிடித்த டபிள்யூ.ஆர். சுப்பாராவை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்?

அவர் ஏற்ற வேலை எளிதன்று. சாயமிட்ட நூல் பகலில் ஒரு நிறமாகவும் விளக்கடியில் வேறு நிறமாகவும் தோன்றுவதை நம் வீட்டுப் பெண்மணிகளும் அறிவர். பகலொளியில் நீலம் மிகும். விளக்கொளியில் செம்மை மிகும். கண் அதனைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும், பிலிமோ சரிப்படுத்தாது. ஆதலின் காமிராக்காரரே ஒளியை அளந்து அமைத்தல் வேண்டும். அக்காலத்து வண்ணப் பிலிமுக்குக் கறுப்பு வெள்ளைப் பிலிமினும் மிகுந்த வெளிச்சமும் தேவைப்பட்டது. 1959இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படத்திலும் காமிரா அவர் பொறுப்பிலேயே இருந்தது.

அன்பர்களே! படத்தின் தொடக்கத்தில் வரும் பெயர்களை வாசிக்க நம் பிள்ளைகளைப் பழக்குவோமாக. தொழிலாளியின் பெயரை மதியாத சமூகம் நாளடைவில் அவன் தொழிலையும் மதியாது போம்.