மங்கும் மருந்துக் கடை டியூபும்



கன்னம், நெற்றி, மூக்குத் தண்டு, மேலுதட்டுக்கு மேலே என்று பழுப்பு நிறத்தில் திட்டுத் திட்டாகப் படருமே, அதுதான் மங்கு. வலிக்காது, அரிக்காது, அடுத்தவருக்கு ஒட்டாது. உடம்புக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் கல்யாண வீட்டில் நாலு பேர், "என்னம்மா, முகம் இப்படி ஆயிடுச்சு?" என்று கேட்டுவிட்டால் போதும். அன்று சாயங்காலமே மருந்துக் கடையில் ஒரு டியூப் வாங்கியாகிவிடும். இன்றைய பேச்சு பெரும்பாலும் அந்த டியூபைப் பற்றித்தான்.

அதற்கு முன் மங்கு ஏன் வருகிறது என்று பார்த்துவிடுவோம். ரத்தம் கெட்டுப்போனதால் வருகிறது, ஈரல் பழுதானதால் வருகிறது என்றெல்லாம் சொல்வார்கள். இரண்டும் இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனினைத் தயாரிக்கிற செல்கள் முகத்தில் சில இடங்களில் அளவுக்கு மீறி வேலை செய்கின்றன, அவ்வளவுதான். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கு வர வாய்ப்பு அதிகம். கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் ஹார்மோன் மாற்றத்தால் வரும். பிரசவத்துக்குப் பின் பல பேருக்குத் தானாகவே மங்கிவிடும், சிலருக்கு அப்படியே தங்கிவிடும். வெயிலில் வேலை செய்யும் ஆண்களுக்கும் வருவதுண்டு.

எந்தக் காரணத்தால் வந்தாலும் அதை வளர்ப்பது வெயில்தான். புற ஊதாக் கதிர் மட்டும் இல்லை, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் நம்மைப் போன்ற மாநிறத் தோலைக் கறுக்க வைக்கிறது. அதனால் மங்கு உள்ளவர்களுக்கு, இரும்பு ஆக்சைடு கலந்து லேசான தோல் நிறத்தில் வரும் சன்ஸ்கிரீன் கூடுதல் பலன் தரும். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல் இருக்க வேண்டும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கித் தடவ வேண்டும். பொட்டு வைக்கிற அளவு தடவினால் பயனில்லை. வெளியில் இருந்தால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். விலை கட்டுப்படியாகாது என்பவர்களுக்குக் குடை இருக்கிறது, துப்பட்டா இருக்கிறது. மழைக்குத் தவிர வேறெதற்கும் குடை பிடிக்க நம் ஊர் ஆண்கள் ஏன் கூச்சப்படுகிறார்கள் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

இனி டியூபுக்கு வருவோம். 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் கிளிக்மனும் வில்லிஸும் ஒரு மூன்று மருந்துக் கலவையை வெளியிட்டார்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு. கொஞ்சம் மாற்றிய வடிவத்தில் இன்றைக்கும் மங்குக்குத் தோல் மருத்துவர்களான நாங்கள் எழுதிக் கொடுக்கும் முக்கிய மருந்து அதுதான். ஆனால் சில வாரங்களுக்கு, மருத்துவர் பார்வையில், இரவில் மட்டும்.

நம் ஊரில் நடப்பது வேறு. இந்தக் கலவை உள்ள டியூபை மருத்துவரைக் கேட்காமலே வாங்கித் தடவுகிறார்கள். ஸ்டீராய்டு சீக்கிரம் நிறத்தை வெளுக்க வைக்கும். தடவியவருக்கு ஒரே சந்தோஷம். பக்கத்து வீட்டு அக்காவுக்கும் பெயர் சொல்லிவிடுவார். மாதக் கணக்கில் தடவிக்கொண்டே இருந்தால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் சிவப்பாகத் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி முளைக்கும். பயந்துபோய் நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், மங்கு முன்னைவிடக் கறுப்பாகத் திரும்பி வரும். எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே டியூபை எடுப்பார்கள். ஹைட்ரோகுவினோனை மட்டும் வருடக் கணக்கில் தடவினால்கூட, நீலம் பாய்ந்த கறுப்புத் திட்டு விழுந்து பிறகு போகவே போகாது.

2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு கிரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டது. சட்டம் இருக்கிறது, கேட்டால் கொடுத்துவிடும் கடைகளும் இருக்கின்றன.

இதைவிட மோசம், தயாரித்தவர் பெயரே இல்லாத சிவப்பழகு கிரீம்கள். இவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கும். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் இத்தகைய கிரீம் தடவிய சிலருக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது. எலுமிச்சைச் சாறு இயற்கையானதுதானே என்பீர்கள். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து இன்னும் கறுக்கும்.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. அசெலெயிக் அமிலக் களிம்பு மெதுவாக வேலை செய்யும், மருத்துவர் சொன்னால் கர்ப்பிணிகளும் தடவலாம். டிரானெக்ஸாமிக் அமிலம் என்று ஒரு மாத்திரை, ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுப்பது. 1979இல் ஜப்பானில் நாள்பட்ட காணாக்கடிக்கு இதைச் சாப்பிட்டவருக்கு முகத்து மங்கு குறைந்ததை மருத்துவர் கவனித்தார். இன்று பிடிவாதமான மங்குக்கு அதைக் குறைந்த அளவில் தருகிறோம். ரத்தம் உறையும் நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்குக் கூடாது. லேசரை நான் கடைசியில்தான் வைப்பேன். நம் தோலில் அதன் சூடே புதுக் கறுப்பை உண்டாக்கிவிடலாம்.

முகத்துக் கறுப்பெல்லாம் மங்கு அல்ல. தலைச்சாய ஒவ்வாமையாக இருக்கலாம். கழுத்தும் சேர்ந்து தடித்துக் கறுத்தால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும். மங்கேதான் என்றாலும் குறைய மாதங்கள் ஆகும், வெயிலை மறந்தால் திரும்பவும் வரும்.

உங்கள் வீட்டு டியூபில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. நெடுநாளாகத் தடவி வந்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்த வேண்டாம். டியூபையும் கையில் எடுத்துக்கொண்டு, பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள்.